பட்டறைப் பதில்கள்: அப்பா விட்டுப்போன புல்லட்

அண்ணா, வணக்கம். அப்பாவின் 1974ஆம் வருடத்துப் புல்லட் 350 வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்கு போர்த்தி நிற்கிறது. அவர் இருந்தபோதே உடம்பு முடியாமல் ஓட்டுவதை விட்டுவிட்டார். இப்போது அவரும் இல்லை. கிக்கரை மிதித்தால் அசையவே இல்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர், "கியரில் போட்டு நாலு பேர் தள்ளினா கிளம்பிடும், அப்படியே டேங்குக்குப் புது பெயின்டும் அடிச்சிடலாம்" என்கிறார். எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். ஆனால் இந்த வண்டியை நானே ஓட்ட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
*— வாசகி, திண்டுக்கல்*

முதலில் அந்தத் தள்ளுகிற யோசனையை விட்டுவிடுங்கள், தங்கச்சி. சாக்கையும் எடுத்துவிடுங்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய பருத்திப் புடவை போதும்.

கிக்கர் அசையவில்லை என்றால், பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்துப் புல்லட்டுக்கு வார்ப்பிரும்புச் சிலிண்டர். கடைசியாக வண்டியை நிறுத்தியபோது ஏதோ ஒரு வால்வு திறந்தபடி நின்றிருக்கும். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஈரக்காற்று அந்த வழியாக உள்ளே போய், ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையம்) நிற்கிற இடத்தில் துருப் பிடிக்க வைத்திருக்கும். இந்த நிலையில் தள்ளினால் ரிங் உடையலாம், சிலிண்டர் சுவர் கீறலாம். கிக்கர் மேல் ஏறிக் குதித்தால் உள்ளே ராட்செட் பல் போய்விடும். வராமல் இருந்த செலவு அப்போதுதான் வரும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து, அரை டம்ளர் அளவு அந்த ஓட்டை வழியே ஊற்றிவிட்டு ஒரு வாரம் மறந்துவிடுங்கள். அப்புறம் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, நாலாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டுங்கள். கை பலம் அதிகமாக இன்ஜினுக்குப் போய்ச் சேர்வது நாலாவது கியரில்தான். ஒரு மயிரிழை அசைந்தாலும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைக்கு அது தெரியும். அசையவில்லையா? மறுபடி ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். இந்த வேலையில் அவசரப்படுகிற மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பிஸ்டன் விட்டுக்கொடுத்ததும் ஸ்டார்ட் செய்யப் போகாதீர்கள். ஹெட்டையும் (சிலிண்டரின் மேல்மூடி) சிலிண்டரையும் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். சிலிண்டர் சுவரில் நகத்தை மேலும் கீழுமாக ஓட்டிப் பாருங்கள். துருத் தழும்பு நகத்தில் மாட்டினால் போர் போட, அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க, வேண்டியதுதான். மாட்டவில்லை என்றால் லேசாக ஹோன் செய்து (உள்சுவரைத் தேய்த்துச் சீராக்கி) புது ரிங் போட்டால் போதும். இந்த இன்ஜினுக்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. பெரிய அளவு பிஸ்டன் இன்றைக்கும் கிடைக்கிறது, ஆகவே கலங்க ஒன்றுமில்லை.

ஆயில் விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். புல்லட்டில் ஆயில் டேங்க் இன்ஜின் கேஸிலேயே தனி அறையாக இருக்கிறது. வண்டி வருடக்கணக்கில் நின்றால் அங்கிருந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து, கிராங்க் சுற்றுகிற அறைக்கு இறங்கிவிடும். குச்சியை விட்டுப் பார்த்து "ஆயில் குறைவாக இருக்கிறதே" என்று மேலே ஊற்றிவிட்டுக் கிக் அடித்தால் ஒரே புகைமண்டலம். கீழே இரண்டு அறைக்கும் தனித்தனி டிரெய்ன் போல்ட் உண்டு. இரண்டையும் திறந்து வடித்துவிட்டு, ஃபில்டரையும் மாற்றி, 20டபிள்யூ50 ஆயில் புதிதாக ஊற்றுங்கள். பிளக் போடாமலே கிக்கரை மிதித்துக்கொண்டிருங்கள். ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் பாஞ்சோ போல்ட்டை (ஆயில் போக நடுவில் ஓட்டையுள்ள போல்ட்) கொஞ்சம் தளர்த்தி வைத்தால், ஒரு கட்டத்தில் அங்கே ஆயில் துளிர்க்கும். அது வந்த பிறகுதான் பிளக்கையே கையில் எடுக்க வேண்டும்.

டேங்க் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் பெட்ரோலை முழுக்க வடித்து, டேங்கைக் கழற்றி, எலுமிச்சை உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு பிடி நட்டு போட்டுக் குலுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, உடனே ஆயில் கலந்த பெட்ரோலால் உள்சுவரை நனைத்துவிட வேண்டும். அந்தக் கரைசல் வெளிப் பெயின்டில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ட்யூப், வாஷர் எல்லாம் புதிதாகவே போடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும், எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். இனிமேல் வண்டி ஒரு மாதம் நிற்கப்போகிறது என்றால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்.

கார்புரேட்டரில் ஸ்லோ ஜெட் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) அடைத்திருக்கும்; கம்பி விட்டுக் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பாயின்ட்டை (பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் தொடுமுனை) மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, இடைவெளி 0.4 மி.மீ. அளவுக்கு வையுங்கள். பேட்டரி வாங்குமுன் பல்பில் 6 வோல்ட் என்றிருக்கிறதா, 12 என்றிருக்கிறதா என்று பாருங்கள். டயர், பிரேக் ஷூ, எல்லாக் கேபிளும் புதிதாகவே போடுங்கள். டயரில் பள்ளம் நன்றாக இருக்கிறதே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பக்கச்சுவர் வெடித்த ரப்பரை நம்பி உங்களைச் சாலைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

அடுத்தது பெயின்ட். வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் டேங்கில் இருக்கிற தங்கக் கோடு சென்னையில் ஒருவர் தூரிகையால் கையால் இழுத்தது. வெளிச்சத்துக்குச் சாய்வாக நின்று பாருங்கள், கோடு தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் தடித்திருக்கும். முட்டி பட்டுப்பட்டு டேங்கின் இரண்டு பக்கமும் பெயின்ட் மங்கியிருக்குமே, அது உங்கள் அப்பாவின் முட்டி. புதுப் பெயின்ட்டை என்றைக்கு வேண்டுமானாலும் அடிக்கலாம், அழித்ததைத் திருப்பி வாங்க முடியாது. இன்ஜினுக்கு ஆகிற செலவைத் தாராளமாகச் செய்யுங்கள். வெளிப்பக்கத்தை மெல்லிய துணியும் மெழுகும் வைத்துத் துடைத்தால் போதும்.

ஓட்டுவது பற்றி: இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ஸ்கூட்டர் மட்டும் ஓட்டியவர் என்பது உங்களுக்கு நல்லதே. மற்ற பைக் ஓட்டிப் பழகியவர்களுக்குத்தான், அவசரத்தில் வலது கால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். பைக்குக்கான லைசென்ஸை எடுத்துவிட்டு, காலி மைதானத்தில் பழகுங்கள். ஓடியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அப்பாவின் பைக் 1971 மாடல். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 50 வருடம் தாண்டிவிட்டதால் "வின்டேஜ்" என்று பதிவு செய்துகொள்ளலாம் என்கிறார்கள். செய்யலாமா?
*— வாசகர், தஞ்சாவூர்*

தினமும் ஓட்ட ஆசை இருந்தால் செய்யாதீர்கள். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை அப்படிப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். கடைத்தெருவுக்கு எடுத்துப் போக முடியாது.

உங்களுக்கு வேண்டியது சாதாரணப் பெயர் மாற்றம். படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், இன்சூரன்ஸ். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டியது. தாண்டியிருந்தால் அபராதம் கட்டிச் செய்யலாம். பதிவுக் காலம் முடிந்திருந்தால் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை: சேஸிஸ் எண் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, வருகிற எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் எண்ணையும் அப்படியே. அந்த இடங்களில் கிரைண்டரோ பட்டியோ படவே கூடாது என்று பட்டறையில் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

தாத்தாவின் புல்லட் எப்போதாவது கிக்கரைத் திருப்பி அடிக்கிறது. போன வாரம் கணுக்கால் வீங்கிவிட்டது. பலம் போதவில்லையா?
*— வாசகர், சிதம்பரம்*

பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தம்பி. டைமிங் (பிளக்கில் தீப்பொறி வரும் நேரம்) முந்தியிருக்கிறது, அல்லது பாயின்ட் தட்டின் அடியில் இருக்கிற அட்வான்ஸ் யூனிட் (வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முந்த வைக்கும் பாகம்) பழைய கிரீஸில் இறுகி, திரும்பி வராமல் நிற்கிறது. அதைக் கழற்றிக் கழுவி, ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். 350க்கு டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 0.8 மி.மீ. முன்.

கிக் அடிக்கிற முறையையும் சரிபாருங்கள். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக இறக்குங்கள். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வருகிற இடத்தில் நிறுத்துங்கள். டீகம்ப்ரஸர் லிவரை (சிலிண்டருக்குள் அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே மிதியாகக் கடைசிவரை மிதியுங்கள். பாதியில் காலைத் தளர்த்தினாலும் கிக்கர் திருப்பி அடிக்கும். டைமிங் பார்த்து முடிக்கிற வரை கிக் அடிக்க வேண்டாம். அதற்குப் பிறகும் செருப்புக் காலோடு மிதிக்காதீர்கள், கணுக்காலை மூடுகிற ஷூ போடுங்கள். வீக்கம் இன்னும் இருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.