பட்டறைக் கேள்வி பதில்: கிகாட்டுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

கே: எங்கள் கம்பெனியில் வோல்டேஜ் ஸ்டெபிலைசருக்கு போர்டு போடுகிறோம். போர்டு வரையும் இலவச மென்பொருளான கிகாட்டுக்கு மாறலாம் என்றால் முதலாளி பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார். "சும்மா கொடுப்பவன் நாளைக்குக் கடையை மூடிவிட்டுப் போனால் நம் டிசைன் எல்லாம் என்ன ஆகும்?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
— டிசைன் இன்ஜினியர், ஓசூர்

ப: அவர் கேட்பது நியாயம்தான். நான் கோவையில் பம்ப் ஸ்டார்ட்டர் போர்டு போட்டுப் பிழைப்பவன். பத்து வருஷத்துக்கு முன்னால் விற்ற போர்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, "இதே மாதிரி இன்னும் இருபது வேண்டும்" என்று வந்து நிற்பார்கள். அன்றைக்குப் பழைய ஃபைல் திறக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டியதுதான்.

ஆனால் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளையும் மூடுவார்கள். உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஈகிள் என்ற போர்டு டிசைன் மென்பொருளைப் பாருங்கள். ஜெர்மனியில் காட்சாஃப்ட் கம்பெனி உருவாக்கியது. 2016-இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கி, 2017 ஜனவரியிலேயே சந்தா முறைக்கு மாற்றியது. 2026 ஜூன் 7-ஆம் தேதியோடு ஈகிள் முடிகிறது என்று 2023-இல் அறிவித்தும்விட்டது. அந்தப் பழைய ஈகிள் ஃபைல்களை இறக்குமதி செய்து திறக்கும் வசதி கிகாட்டில் இருக்கிறது என்பதை உங்கள் முதலாளியிடம் அவசியம் சொல்லுங்கள்.

இனி காசு விஷயம். கிகாட்டை 1992-இல் பிரான்ஸின் கிரனோபிளில் ழான்-பியர் ஷராஸ் என்ற ஆசிரியர் தொடங்கினார். (அதை உருவாக்குகிறவர்கள் உச்சரிப்பது 'கீ-கேட்'. நம் பக்கம் கிகாட் என்று நிலைத்துவிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன்.) பல வருஷம் அவரும் தன்னார்வலர்கள் சிலரும்தான் அதை இழுத்துக்கொண்டு வந்தார்கள். 2011 வாக்கில் ஜெனீவாவில் இருக்கும் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வகம் உள்ளே வந்தது. தாங்கள் போடும் போர்டுகளின் டிசைனை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று செர்ன் அப்போது முடிவெடுத்திருந்தது. அதற்கென்று ஓப்பன் ஹார்டுவேர் லைசென்ஸ் ஒன்றையும் அதே வருஷம் வெளியிட்டது. ஆனால் ஃபைலை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதைத் திறக்க லட்சக்கணக்கில் மென்பொருள் வாங்கு என்றால் வாங்குகிறவனுக்கு என்ன பயன்? அதனால் செர்ன் தன் ஆட்களையே கிகாட் வேலைக்கு உட்கார வைத்தது. இன்று நீங்கள் ஒரு டிராக்கை (போர்டில் மின்சாரம் ஓடும் செம்புக் கோட்டை) இழுத்தால் பக்கத்து டிராக்குகள் தாமே ஒதுங்கி வழிவிடுகின்றன அல்லவா? அது செர்னில் எழுதப்பட்டது. மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் வேறு கவலை இல்லாமல் உட்கார்ந்தால்தான் அப்படிப்பட்ட வேலை முடியும்.

2019-இல் கிகாட், ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குத் துணை நிற்கும் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் சேர்ந்தது. நன்கொடை வாங்கவும் கணக்கு வைக்கவும் ஒரு நிரந்தர முகவரி கிடைத்தது. திட்டத்தை வழிநடத்தும் வெய்ன் ஸ்டாம்பாவும் முக்கிய டெவலப்பர்கள் சிலரும் சேர்ந்து தனியாக ஒரு கம்பெனியும் நடத்துகிறார்கள். ஒரு நிறுவனத்துக்கு அவசரமாக ஒரு வசதி வேண்டும் என்றால் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருவார்கள். எழுதியது பொதுக் கிகாட்டிலேயே சேர்ந்து எல்லோருக்கும் வந்துவிடும்.

பலனைத் தேதிகளில் பார்க்கலாம். 4-ஆம் பதிப்பு 2015-இல் வந்தது, 5-ஆம் பதிப்பு 2018-இல், 6-ஆம் பதிப்பு 2021 கிறிஸ்துமஸ் அன்று. அப்புறம் 7, 8, 9 மூன்றும் 2023, 2024, 2025 என்று வருஷா வருஷம் பிப்ரவரியில் வந்துவிட்டன. முழு நேரமாக வேலை பார்க்கும் ஆட்கள் இல்லாமல் இந்த ஒழுங்கு வராது என்பது என் கணிப்பு.

சரி, அப்படியும் மூடிவிட்டால்? கிகாட்டின் சோர்ஸ் கோட், யாரும் எடுத்து மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் லைசென்ஸில் இருக்கிறது. அந்த அனுமதியை யாரும் திரும்பப் பெற முடியாது. உங்கள் போர்டு ஃபைலை ஒருமுறை நோட்பேடில் திறந்து முதலாளியிடம் காட்டுங்கள். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக, ஒவ்வொரு டிராக்கும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அகலம் என்ன என்று எழுத்தாகவே இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த ஃபைல் பழைய பதிப்பில் திறக்காது. ஆபீஸில் எல்லா கம்ப்யூட்டரையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

லைசென்ஸுக்கு மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை வருஷத்துக்கு ஒருமுறை கிகாட்டுக்கு அனுப்பும்படியும் அவரிடம் கேளுங்கள். நாங்கள் ஆயுத பூஜை வாரத்தில் அனுப்பிவிடுவோம். மிஷினுக்குப் பொட்டு வைக்கிற நாளில் மென்பொருளை மட்டும் எப்படி விட்டுவிடுவது?

கே: கிகாட்டில் போட்ட போர்டை விற்றால் என் டிசைனையும் வெளியிட வேண்டுமா?
— மதுரை வாசகர்

ப: வேண்டாம். ஜிபிஎல் மென்பொருளைத்தான் கட்டுப்படுத்தும், நீங்கள் வரைந்ததை அல்ல. கூட வரும் லைப்ரரிக்கு (பாகங்களின் வரைபடத் தொகுப்புக்கு) வேறு லைசென்ஸ் என்றாலும், உங்கள் டிசைனில் பயன்படுத்தத் தடையில்லை என்று அதிலேயே விலக்கு கொடுத்திருக்கிறார்கள். தைரியமாக விற்கலாம்.

கே: நான் இசிஇ மூன்றாம் ஆண்டு மாணவி. கொடுக்கப் பணம் இல்லை, சி பிளஸ் பிளஸ்ஸும் அவ்வளவாக வராது. நான் எப்படி உதவ முடியும்?
— நாகர்கோவில்

ப: உங்களிடம் வெர்னியர் காலிப்பர் இருக்கிறதா? அது போதும்.

எங்கள் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெண் போன வருஷம் செய்ததைச் சொல்கிறேன். பம்ப் பேனலில் நாங்கள் போடும் ஒரு டெர்மினல் கனெக்டர் கிகாட் லைப்ரரியில் இல்லை. எங்களுக்கு மட்டும் ஒரு ஃபுட்பிரிண்ட் (போர்டில் அந்தப் பாகம் உட்காரும் இடத்தின் வரைபடம்) வரைந்து வேலையை முடித்திருக்கலாம். அவள் அதை எல்லோருக்கும் கொடுப்போம் என்றாள். கம்பெனி கொடுக்கும் அளவு விவரத் தாளான டேட்டாஷீட்டை எடுத்து, கையில் இருந்த கனெக்டரின் காலை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு வரைந்தாள். கிகாட் லைப்ரரி இருக்கும் கிட்லேப் தளத்தில் போட்டாள். சில நாளில், சேர்க்கும் முன் அதைச் சரிபார்த்தவரிடமிருந்து இரண்டு குறிப்புகள் வந்தன. துளை வழியே கால் இறங்கும் பாகம் என்பதால் வரைபடத்தின் ஆரம்பப் புள்ளி நடுவில் இருக்கக் கூடாது, முதல் பின்னில் இருக்க வேண்டும். சுற்றிலும் விடும் இடம் கனெக்டருக்கு 0.25 மில்லிமீட்டர் போதாது, 0.5 வேண்டும். இரண்டும் கிகாட்டின் லைப்ரரி விதிகளில் எழுதியிருப்பவைதான். அவள் திருத்தி அனுப்பினாள், சேர்த்துக்கொண்டார்கள்.

யாரோ ஒருவர், எங்கோ உட்கார்ந்து, எங்கள் ஊர் பம்ப் பேனலுக்கான கனெக்டரைக் கால் மில்லிமீட்டர் வரைக்கும் பார்த்திருக்கிறார். அவருடைய அந்த நேரம்தான் இந்தத் திட்டத்தில் எப்போதும் பற்றாக்குறை. அதனால் விதிகளை முதலில் படித்துவிட்டு, அவர் ஒரே பார்வையில் சரிபார்க்கும்படி, டேட்டாஷீட் பக்க எண்ணோடு அனுப்புங்கள்.

கே: சர்க்யூட் வரையும் சின்ன மென்பொருள் ஒன்றை எழுதி ஓப்பன் சோர்ஸாக விட்டிருக்கிறேன். இருநூறு பேர் பயன்படுத்துகிறார்கள். நிதி எங்கே கிடைக்கும்?
— திருச்சி வாசகர்

ப: லிப்ரேபிசிபி என்ற போர்டு வரையும் மென்பொருளின் பாதையைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் பெரும்பாலும் ஒருவரே எழுதியது. நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை நிதி கொடுத்தது, 2023-இல் 1.0 பதிப்பு வந்தது. என்எல்நெட் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காது. வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து எழுத வேண்டும், ஒவ்வொன்றும் முடிந்த பிறகு அதற்குரிய பணம் வரும். இந்த ஒழுங்கு தனி ஆளாக இருப்பவருக்கு மிகவும் நல்லது.

இங்கேயே பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024-இல் ஃப்ளாஸ் ஃபண்ட் என்று ஆரம்பித்திருக்கிறது. வருஷத்துக்கு 10 லட்சம் டாலர். ஒரு திட்டத்துக்கு 10 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் டாலர் வரை. ஆனால் பரவலாகப் பயன்படும் திட்டங்களைத்தான் பார்க்கிறார்கள், இருநூறு பேர் போதாது. ஐஐடி பாம்பேயின் ஃபாஸ்ஸீ குழுவையும் கவனியுங்கள். கிகாட்டையும், சர்க்யூட் எப்படி வேலை செய்யும் என்று கணித்துக் காட்டும் என்ஜிஸ்பைஸையும் இணைத்து ஈசிம் என்ற கருவியை மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியில் வளர்ப்பவர்கள் அவர்கள்.

விண்ணப்பிக்கும் முன், அந்த இருநூறு பேரில் பிழைப்புக்கே உங்கள் மென்பொருளை நம்பியிருப்பவர்கள் யார் என்று தேடி, பத்துப் பேருக்காவது போன் செய்யுங்கள். எந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். விண்ணப்பத்தில் முதல் பகுதியாக அதையே எழுதுங்கள்.