இன்ஜினை மாற்றினால் திக்கல் போகுமா?

கேள்வி: யூனிட்டி என்ற கேம் இன்ஜினில் (கேம் செய்யும் மென்பொருளில்) 2டி சுடும் கேம் ஒன்று செய்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. 4 ஜிபி ரேம் போனில் சில வினாடிகளுக்கு ஒரு தரம் திக்கி நிற்கிறது. அன்ரியல் இன்ஜினுக்கு மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். மாறினால் படங்களும் ஒலிகளும்தான் கூட வரும். சி ஷார்ப் மொழியில் எழுதிய கோடு முழுவதையும் சி பிளஸ் பிளஸ் மொழியிலோ, கட்டங்களை இணைத்துக் கோடு எழுதும் ப்ளூபிரிண்டிலோ முதலிலிருந்து எழுத வேண்டும். அங்கேயும் திக்கல் உண்டு. ஆட்டத்தின் நடுவே ஷேடர் (நிறம், வெளிச்சம் தீட்டும் சிறு நிரல்) கம்பைல் ஆகும்போது படம் உறையும்.

உங்கள் திக்கல் விட்டுவிட்டு வருகிறதே, அதுதான் துப்பு. ஒவ்வொரு குண்டையும் புதிதாக உருவாக்க இன்ஸ்டான்ஷியேட், மோதியதும் அழிக்க டெஸ்ட்ராய் என்று எழுதியிருப்பீர்கள். ஸ்கோர் எழுத்தையும் அப்டேட் பகுதிக்குள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) புதிதாகக் கோத்திருந்தால் கேட்கவே வேண்டாம். இப்படி மெமரியில் சேரும் குப்பையைக் கூட்ட கார்பேஜ் கலெக்டர் (சுருக்கமாக ஜிசி) இறங்கும்போது கேம் காத்து நிற்கும். வினாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி. கம்ப்யூட்டர் பிராசசர் இதைச் சமாளித்துவிடும். சின்ன போன் திணறும்.

ஊகத்தை நம்பிக் கோடில் கைவைக்காதீர்கள். யூனிட்டியின் பில்ட் அமைப்பில் டெவலப்மென்ட் பில்ட், ஆட்டோகனெக்ட் ப்ரொஃபைலர் இரண்டையும் டிக் செய்து, போனைக் கேபிளில் மாட்டி ஓட்டுங்கள். ப்ரொஃபைலர் (நேரம் எதில் செலவாகிறது என்று காட்டும் கருவி) வரைபடத்தில் ஊசிபோல் எழும் ஃப்ரேமைச் சொடுக்கி, 'ஜிசி கலெக்ட்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால், தொடக்கத்திலேயே 40 குண்டுகளைச் செய்து அணைத்து வைத்து, சுடும்போது செட்ஆக்டிவ் போட்டு எழுப்புங்கள். ஸ்கோர் மாறினால் மட்டும் எழுத்தை மாற்றுங்கள். குப்பை கூட்டுவதைப் பல ஃப்ரேம்களுக்குப் பிரித்துச் செய்யும் 'இன்கிரிமென்டல் ஜிசி' டிக் ஆகியிருக்கட்டும்.

ப்ரொஃபைலரில் 'வெயிட்ஃபார்பிரசென்ட்' நீண்டிருந்தால் பெரும்பாலும் சுமை படம் வரையும் சிப்பான ஜிபியுவில். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய புகை, ஒளிப் படங்களைக் குறையுங்கள். டெக்ஸ்சர்களையும் (கேமில் பயன்படும் படங்கள்) பாருங்கள்: 2048 × 2048 படம் சுருக்காமல் மெமரியில் 16 எம்பி, ஏஎஸ்டிசி 6×6 சுருக்கத்தில் 2 எம்பிக்கும் குறைவு.

கேள்வி: ராயல்டி (வருமானத்தில் பங்கு) கேட்காத இன்ஜினில் பழைய போன்களுக்கு கேம் செய்ய முடியுமா?

பதில்: கோடோ (Godot) என்ற இன்ஜின் இருக்கிறது, எம்ஐடி என்ற திறந்த உரிமம், காசு கிடையாது. (அன்ரியலிலும் ஒரு கேமின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகுதான் 5 சதவீத ராயல்டி. அந்தக் கவலை வரக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.) கோடோ 4-ல் புதிய ப்ராஜெக்ட் திறக்கும்போதே ரெண்டரராக (காட்சியைத் திரையில் வரையும் பகுதியாக) 'கம்பாட்டிபிலிட்டி'யைத் தேர்ந்தெடுங்கள், அது பழைய போன்களிலும் இருக்கும் கிராபிக்ஸ் வசதியான ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3.0-ல் ஓடும். இன்னொரு ரெண்டரரான 'ஃபார்வர்டு பிளஸ்'ஸில் அழகு பார்த்துவிட்டுக் கடைசியில் மாற்றினால், வால்யூமெட்ரிக் ஃபாக் (ஒளி ஊடுருவும் மூடுபனி) காணாமல் போய், காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டிவரும்.