ஊற்று ஏன் மாசியிலேயே வற்றுகிறது?

கேள்வி: பூமி சூடானால் கடல்நீர் அதிகம் ஆவியாகும், மழையும் கூடும் என்கிறார்கள். எங்கள் பக்கம் ஆண்டு மழையும் பெரிதாகக் குறையவில்லை. பிறகு தோட்டத்து ஊற்று மாசியிலேயே வற்றுவது ஏன்? (வாசகர், கோத்தகிரி)

பதில்: ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்ப்பதை முதலில் விடுங்கள். மழை எத்தனை நாளாகப் பிரிந்து பெய்தது என்று பாருங்கள்.

15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 12.8 கிராம் நீராவியைத் தாங்கும். 16 டிகிரியில் 13.6 கிராம். டிகிரிக்கு 6, 7 சதவீதம் கூடுதல். உலகின் மொத்த மழையோ டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடும். நீராவி துளியாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. காற்று மண்டலம் அதை விண்வெளிக்குக் கழிக்கும் வேகத்துக்கு மேல் மழை கூட வழியில்லை. காற்றில் நீராவி கூடும் அளவுக்கு மொத்த மழை கூடுவதில்லை. அதனால் பெய்தால் கொட்டுகிறது, இரு மழைக்கு நடுவே இடைவெளி நீள்கிறது. அந்த இடைவெளியில் சூடேறிய காற்று மண்ணின் ஈரத்தை முன்னிலும் வேகமாக உறிஞ்சிவிடுகிறது.

25 மி.மீ. மழை ஐந்து மணி நேரம் நின்று பெய்தால் பெரும்பாலும் மண்ணுக்குள் இறங்கி ஊற்றுக்கு ஊட்டும். அதுவே அரை மணியில் கொட்டினால் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். மழைமானியில் இரண்டும் 25தான்! 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது: ஒரு சென்ட் நிலத்துக்கு 33,000 லிட்டர். எந்த மண் அதைக் குடிக்கும்? அந்த ஒரு மழைக்கு வெப்பமாதல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கனமழை மேலும் கனப்பதற்கு அது வழி செய்கிறது.

பழி முழுவதும் வானத்துக்கும் அல்ல. மழையைப் பிடித்துவைத்து மெல்ல விட்டவை சோலையும் புல்வெளியும் சதுப்பும். சதுப்பை வடித்துக் காய்கறி போட்டோம், புல்வெளியில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டோம். கேரட் பாத்தியை இன்னமும் மேலிருந்து கீழாகச் சரிவு வாக்கிலேயே இழுக்கிறோம். இது மண்ணுக்குச் செய்யும் கொடுமை. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். 100 அடிக்கு 3 முதல் 6 அங்குலம் வாட்டம் கொடுத்து, மிகுநீரைப் புல் வளர்ந்த வடிகாலில் விடுங்கள். ஊற்றுக்கண்ணைச் சுற்றி உழாதீர்கள்.

நீர் சேகரிப்பு என்று செங்குத்துச் சரிவில் குழி வெட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தேங்கும் நீர் உள்ளிறங்கி, மண் கனத்து, துகள்களின் பிடி தளர்ந்தால் சரிவே இறங்கிவிடும். 2009 நவம்பர் மண்சரிவுகளில் பறிகொடுத்த உயிர்களை நீலகிரி மறக்கக் கூடாது.

மழைமானி இருந்தால் தினசரி அளவோடு பெய்த நேரத்தையும் குறியுங்கள். 2.5 மி.மீ.க்குக் குறையாமல் பெய்த நாள்களைத் தனியே எண்ணுங்கள். மொத்தம் மாறாமல் அந்த எண்ணிக்கை ஆண்டுக்காண்டு இறங்கினால், உங்கள் ஊற்று வற்றுவதன் காரணத்தில் பெரும்பங்கு அங்கேயே இருக்கிறது.