தில்லிக் குளிரில் அத்தி: வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்துவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, துளசி கருகியதையும் கறிவேப்பிலை உதிர்ந்ததையும் பற்றியே இருக்கும். இந்த ஆண்டு அத்தி முந்திக்கொண்டது. நர்சரிக்காரர்கள் ‘அஞ்சீர்’ என்று விற்கும் சீமை அத்தியைத் தொட்டியில் வைத்திருக்கும் வாசகர்கள், குளிரைக் கண்டு கலங்கி எழுதிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அவனுடைய அண்டை வீட்டு இத்தாலியர் தம் அத்தி மரத்தைக் கயிற்றால் இறுகக் கட்டி, பழைய கம்பளத்தால் சுற்றி, உச்சியில் ஒரு வாளியையும் கவிழ்த்து வைத்திருக்கிறாராம். அந்தப் படத்தை அனுப்பி, “அம்மா, நீயும் இப்படிச் செய்” என்கிறான். என் செடிக்கு 3 வயது. கிழக்குப் பார்த்த பால்கனியில், 15 அங்குல மண் தொட்டியில் இருக்கிறது. இலைகள் மஞ்சளாகித் தினமும் உதிர்கின்றன. பிழைக்குமா? (வாசகி, மயூர் விஹார்)

பதில்: பிழைக்கும், கம்பளமும் வேண்டாம், வாளியும் வேண்டாம். அந்த ஏற்பாடு அந்த ஊருக்குச் சரியானது. இத்தாலியிலிருந்து அங்கே குடியேறியவர்கள், சொந்த ஊர் அத்தியைப் பனிக்கட்டி உறையும் தேசத்தில் காப்பாற்றக் கண்டுகொண்ட வழி அது. சிலர் மரத்தின் ஒரு பக்கத்து வேரை வெட்டி, மரத்தையே சாய்த்துக் குழியில் கிடத்தி, மேலே பலகையும் மண்ணும் போட்டு மூடிவிட்டு, குளிர் போனபின் மீண்டும் நிமிர்த்துவதும் உண்டு. கவிழ்த்த வாளி, கட்டுக்குள் மழைநீர் இறங்காமல் தடுப்பதற்கு. அங்கே குளிர்கால இரவில் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அதிசயமில்லை; உறங்கும் முதிர்ந்த அத்தி தாங்கும் எல்லையும் ஏறத்தாழ அதுதான்.

தில்லிக் கணக்கு வேறு. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1935 ஜனவரி 16 அன்று பதிவான மைனஸ் 0.6 டிகிரியைத்தான் இந்நகரின் மிகக் கடுங்குளிராக இன்றும் சொல்கிறார்கள். 2006 ஜனவரியில் 0.2 டிகிரியும், 2021 புத்தாண்டுக் காலையில் 1.1 டிகிரியும் பதிவாயின. நமக்குப் பல் கிட்டித்துப்போகும் இந்தக் குளிர், இலையுதிர்த்துவிட்டு உறங்கும் அத்தியின் கிளையை ஒன்றும் செய்வதில்லை. இலை மஞ்சளாகி உதிர்வது நோயன்று. செடி உறங்கப் போகிறது. ஐயம் தீரவில்லையென்றால், ஒரு கிளையின் பட்டையை நகத்தால் கடுகளவு சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்து, சற்று நேரத்தில் பால் கசிந்தால் செடிக்குக் குறையொன்றுமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். தில்லியில் குளிரால் செத்ததாகச் சொல்லி எனக்குக் காட்டப்பட்ட தொட்டி அத்திகளில் பெரும்பாலானவை தண்ணீரால் செத்தவை. இலையில்லாத செடி நீரை மேலே இழுப்பதில்லை. மூடுபனி நாட்களில் மண்ணும் காய்வதில்லை. மொட்டைக் குச்சியாக நிற்கிறதே என்று மனம் கேட்காமல் தினமும் ஒரு குவளை ஊற்றினால், வேர் மூச்சு முட்டி அழுகும். வெளியே ஒன்றும் தெரியாது. பிப்ரவரியில் எல்லாச் செடியும் துளிர்க்கும்போது இது மட்டும் துளிர்க்காது. அடித்தண்டை அழுத்தினால் விரல் உள்ளே போகும், மண்ணில் புளித்த வாடை வரும். ஆகவே விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, அங்கும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உங்கள் தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை, காலை வெயில் ஏறியபின், ஒரு குவளை போதும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்; பால்கனி அழுக்காகக் கூடாது என்று வைக்கும் அந்தத் தட்டில் தேங்கும் நீர் கொன்ற செடிகள், பனி கொன்றவற்றைவிட அதிகம்.

கேள்வி: சென்ற ஆண்டு பனிக்குப் பயந்து, அத்தித் தொட்டியைக் கூடத்தில் ஹீட்டர் அருகே வைத்திருந்தேன். ஜனவரி நடுவில் அழகாகத் துளிர்த்தது. வெயில் படட்டும் என்று வெளியே எடுத்துவைத்த மூன்றாம் நாள் துளிரெல்லாம் கருகிவிட்டது; பின்பு செடியே போய்விட்டது. இப்போது புதிய செடி வாங்கியிருக்கிறேன். உயரம் ஓரடிதான். என்ன செய்யலாம்? (வாசகர், ஜனக்புரி)

பதில்: உறங்கும் குழந்தையை நடுநிசியில் எழுப்பிக் குளிரில் நிறுத்தியது போலாயிற்று. ஹீட்டரின் வெம்மையில் செடி வசந்தம் வந்துவிட்டதாக நம்பி, வேரிலும் தண்டிலும் சேர்த்துவைத்திருந்த சத்தைச் செலவழித்துத் துளிர்விட்டது. கூடத்துக்குள் அந்தத் துளிருக்குப் போதிய வெளிச்சமில்லை. வெளியே வந்ததும் அது கருகிற்று. இரண்டாம் முறை துளிர்க்கக் கையிருப்பு இல்லாமல் போயிற்று. தூங்கும் கட்டை தாங்கும் குளிரை இளந்துளிர் தாங்காது.

ஓரடி உயரச் செடிக்குப் பாதுகாப்பு தேவைதான். ஆனால் வீட்டுக்குள் வேண்டாம். வீட்டுச் சுவரையொட்டி, தெற்கு அல்லது கிழக்கு வெயில் படும் இடத்தில் வையுங்கள். பகலில் சூடேறிய சுவர் இரவில் அந்தச் சூட்டை மெல்ல விடும். தொட்டியைத் தரையிலிருந்து இரண்டு செங்கல் மேல் ஏற்றி, சுற்றிலும் சணல் சாக்கைக் கட்டுங்கள். மண்ணின் மேல் மூன்று விரல் கனத்துக்குக் காய்ந்த இலைச் சருகு இட்டு, தண்டை ஒட்டாமல் சிறிது விலக்கிவிடுங்கள். வானம் தெளிந்து, காற்றும் அசையாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவில்தான் உறைபனி விழும். அடர்ந்த மூடுபனி இரவில் அந்த அச்சம் குறைவு. வானம் தெளிந்த இரவுகளில் மட்டும், மூன்று குச்சிகளை ஊன்றி, பழைய வேட்டியை இரண்டாக மடித்துச் செடியின்மேல் படாமல் போர்த்தி, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளைப் பலரும் போர்த்துகிறார்கள். இரவில் அதன் உட்புறம் நீர் கோத்துச் செடியை நனைக்கிறது; எடுக்க மறந்த நாளில் பகல் வெயிலில் உள்ளே அடுப்பாகிறது. எனக்கு அது உடன்பாடில்லை.

உரம்? செப்டம்பரோடு நிறுத்தியிருக்க வேண்டும். இனி மொட்டு வீங்கும்வரை மண்புழு உரம்கூட வேண்டாம். என் மாடியில் வசந்த பஞ்சமியையொட்டிக் கிளை நுனிகளில் பச்சை தெரியும். அன்றுதான் முதல் பிடி உரம்.

கேள்வி: அரசுக் குடியிருப்பில் தரைத்தளத்தில் இருக்கிறோம். எங்கள் மரம் மண்ணில் நிற்கிறது. 8 அடி உயரம். தோட்டக்கார மாலி, முழங்கால் உயரத்துக்கு வெட்டினால்தான் காய்க்கும் என்கிறார். கிளை நுனியில் இப்போதே சில காய்கள் இருப்பதால் வெட்ட மனம் வரவில்லை. (வாசகி, ஆர்.கே. புரம்)

பதில்: மாலி சொல்வதில் பாதி உண்மை. அத்தி இரண்டு விதமாகக் காய்க்கும். சென்ற ஆண்டின் முற்றிய கிளையில் வசந்தத்தில் தோன்றுவது முதற்காய். அந்த ஆண்டு புதிதாக வளரும் கிளையில் இலைக்கொன்றாக வருவது முக்கியக் காய். முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் முதற்காய் அத்தனையும் போகும். ஆனால் அடியிலிருந்து எழும் புதுக் கிளைகளில் முக்கியக் காய் நிறைய வரும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிதும் வெட்டப்பட்ட மரம் மீண்டு வளர நாளாகும். காய்கள் முற்றும் நேரத்தில் ஜூன் இறுதியின் மழை வந்து சேரும். மழை நனைந்த அத்தி வெடித்துப் புளித்துவிடும். தில்லியில் மே, ஜூன் வெயிலில் பழுப்பதுதான் தேன் போலிருக்கும். ஆகையால் நடுவழியே நல்லது: வலுவான நான்கைந்து கிளைகளை மட்டும் நிறுத்தி, அவற்றின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் குறைத்து, உள்நோக்கி வளர்ந்தவற்றையும் காய்ந்தவற்றையும் நீக்குங்கள். ஒன்றிரண்டு கிளைகளை நுனியோடு விட்டுவைத்தால் முதற்காயும் கிடைக்கும். ஜனவரி கடைசி வாரம் இதற்கு ஏற்றது. டிசம்பரில் அவசரப்பட வேண்டாம்.

நுனியில் இருப்பவற்றுள் கோலிக்குண்டு அளவுக்குப் பருத்தவை இனிப் பழுக்கா, கிள்ளி எறியுங்கள். மிளகு அளவுக் குமிழ்களைத் தொடாதீர்கள். அவைதான் மே மாதத்துப் பழங்கள்.

வெட்டும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம். அத்திப் பாலில் உள்ள ஒரு பொருள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் நெருப்புச் சுட்டது போல் கொப்புளிக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனியனோடு நின்று நண்பகலில் வெட்டினேன். மறுநாள் இரு முழங்கைகளிலும் கொப்புளம். தழும்பு மறைய மூன்று மாதம் ஆயிற்று. சமையல் சூடுபட்டதா என்று அலுவலகத்தில் கேட்டவர்களுக்கு அத்திப் பால் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

கேள்வி: அக்டோபரில் இலையின் அடிப்பக்கம் துருவைத் தூவியது போலிருந்தது. அப்படியே உதிர்ந்துவிட்டது. இதுவும் உறக்கமா? (வாசகர், நொய்டா)

பதில்: இல்லை, அது துரு நோய் என்னும் பூஞ்சை. மழைக்காலத்து ஈரத்தில் வருவது. உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்; உரக்குழியில் போடாதீர்கள், தொட்டிக்கு மூடாக்காகவும் இடாதீர்கள். கிளை வெட்டியபின் ஒரு முறை 1 சத போர்டோ கலவை தெளிக்கலாம்: 100 கிராம் மயில்துத்தத்தைப் பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறொரு வாளியில் 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து ஒன்றுசேர்த்து, அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

கேள்வி: இங்கே சாலையோரத்தில் ‘கூலர்’ என்று பெரிய மரம் நிற்கிறது. நம் ஊர் அத்திதானே? “அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு” என்பார்களே, தொட்டி அத்தியிலும் பூச்சி இருக்குமா? (வாசகி, முனிர்க்கா)

பதில்: ஆம், அது நம் நாட்டு அத்தி. 40 ஆண்டுக்கு ஒருமுறை திருக்குளத்திலிருந்து எழுந்தருளி, 2019இல் காஞ்சியையே திணறவைத்த அத்தி வரதரின் திருமேனி அத்தி மரத்தால் ஆனது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அதன் காய்க்குள் சிறு குளவிகள் புகுந்து மகரந்தம் சேர்க்கும். பழமொழியின் ‘புழு’ பெரும்பாலும் அதுவே. அத்தியின் பூக்கள் காய்க்குள் ஒளிந்திருப்பதால்தான் ‘அத்தி பூத்தாற்போல’ என்றார்கள். நர்சரியில் விற்கும் பூனா அத்தி போன்ற வகைகள் குளவியின் துணையில்லாமலே காய்த்துப் பழுப்பவை. தயங்காமல் சாப்பிடலாம்.

கேள்வி: காரி பாவ்லி சந்தையில் வாங்கிய உலர் அத்தியின் விதையைப் போட்டு முளைக்கவைத்தேன். 4 ஆண்டாகிறது, ஆள் உயரம் வளர்ந்தும் ஒரு பழமில்லை. குளிரில் காத்தது வீண்தானா? (வாசகர், ரோகிணி)

பதில்: உங்கள் பொறுமையைப் பாராட்டுகிறேன், வேறு நல்ல செய்தி அதிகமில்லை. கயிற்றில் கோத்து ஆப்கானிஸ்தானத்திலிருந்து வரும் அத்தியோ வேறெந்த உலர் அத்தியோ, முளைக்கும் விதை அதில் இருந்தால் குளவி மகரந்தம் சேர்த்த பழம் என்று பொருள். அத்தகைய விதைக் கன்றுகளில் ஏறத்தாழ பாதி, உண்ணத் தகாத ஆண் வகையாகிவிடும். மீதியிலும் பல குளவியை எதிர்பார்க்கும். சீமை அத்திக்குரிய அந்தக் குளவி இங்கே இல்லாததால் பிஞ்சு உதிரும். இன்னும் ஓராண்டு பாருங்கள், அல்லது அதன் அடிக்கட்டையில் நல்ல வகையை ஒட்டுக்கட்டுங்கள். ஆர்.கே. புரம் வாசகியைப் போல் ஜனவரியில் கிளை வெட்டுகிறவர் யாரேனும் தெரிந்தால், அவர் வீசும் குச்சியைக் கேட்டு வாங்குவது அதைவிட எளிது.

கேள்வி: மார்ச்சில் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறோம். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. குச்சி கொண்டுபோனால் வளருமா? அங்கே குளிர்காலமே இல்லையே, உறங்காமல் காய்க்குமா? (வாசகி, துவாரகா)

பதில்: வளரும், காய்க்கும். அத்திக்கு வேண்டிய குளிர் மிகக் கொஞ்சம். ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சத்தில் நெடுங்காலமாக அத்தி விளைகிறது. குளிர் தராத உறக்கத்தை அங்கே நீங்கள் தர வேண்டும்: சில வாரம் தண்ணீரைக் குறைத்து, இலை பழுத்தபின் கிளையை வெட்டிவிட்டு உரமிட்டால் புதுக் கிளையில் காய் பிடிக்கும்.

குச்சியை மார்ச்சில் வெட்டாதீர்கள், அதற்குள் துளிர்த்துவிடும். ஜனவரி இறுதியில், ஓராண்டு முற்றிய, பென்சில் கனமுள்ள கிளையிலிருந்து முக்கால் அடித் துண்டுகளாக ஆறேழு எடுங்கள். அடிப்பக்கத்தைக் கணுவுக்குக் கீழே நேராகவும் மேற்பக்கத்தைச் சாய்வாகவும் வெட்டினால் எது தலை, எது கால் என்ற குழப்பம் வராது. பால் வடிந்து நிற்க ஒரு நாள் நிழலில் வைத்து, நன்றாகப் பிழிந்த ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டுக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்துவிடுங்கள். பயணத்தன்று அதே பையைக் கைப்பையில் போட்டுக்கொண்டால் போதும். போய்ச் சேர்ந்ததும் மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு உள்ளே போக ஊன்றி நிழலில் வையுங்கள். ஐந்தாறு வாரத்தில் வேர் பிடிக்கும். பெட்டியில் இருக்கும் நாட்களில் வாரம் ஒருமுறை தாளைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் குச்சியைத் துடைத்து, தாளை மாற்றி, இம்முறை இன்னும் இறுகப் பிழிந்து சுற்றுங்கள்.