எச்ஆர்ல இருக்கவங்க உண்மையில என்ன வேலை பார்க்கறாங்க?

எம்பிஏ முடிக்கப் போறேன், எச்ஆர் எடுத்தா இன்டர்வியூ, ஆஃபர் லெட்டர் தவிர வேற என்ன வேலை இருக்கும்னு கேட்டிருக்கீங்க. நான் ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில 11 வருஷமா எச்ஆர்ல இருக்கேன், அதனால ஃபேக்டரி பத்தி மட்டும் சொல்றேன்.

ஆள் எடுக்கறது இதுல சின்ன பங்குதான். அட்டெண்டன்ஸ் முடிச்சு சம்பளம் போடணும், 15ஆம் தேதிக்குள்ள பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கட்டணும், கான்ட்ராக்டர் அவர் ஆளுங்களுக்கு கட்டினாரான்னு சலான் வாங்கிப் பார்க்கணும், பஸ் லேட்டுன்னாலும் கேன்டீன் சாப்பாடு சரியில்லன்னாலும் நம்மகிட்டதான் வருவாங்க, பாலியல் புகார் வந்தா கமிட்டி 90 நாளுக்குள்ள விசாரிச்சு முடிக்கணும். இதெல்லாம் ஒரு வருஷத்துல பழகிடும்.

எனக்கு வேலைன்னா என்னன்னு புரிஞ்சது ஒரு சாவுலதான். மெஷின் ஷாப்ல ஒரு தம்பி, செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு பைக்ல வாலாஜாபாத் ரோட்டுல போகும்போது லாரி மோதி இறந்துட்டாரு. கல்யாணமாகி ரெண்டரை வருஷம், கைக்குழந்தை. ஃபைல எடுத்துப் பார்த்தா பிஎஃப் நாமினேஷன்ல, அதாவது தனக்கப்புறம் பணம் யாருக்குன்னு எழுதிக் குடுக்கற ஃபாரத்துல, அம்மா பேரு மட்டும், சேர்ந்தப்போ பேச்சிலரா எழுதிக் குடுத்தது. கல்யாணம் ஆனா பழைய நாமினேஷன் செல்லாது, புதுசா குடுக்கணும், இது எனக்குத் தெரியும். அவரு கல்யாணப் பத்திரிகை வச்சப்போ வாங்கிட்டு ஒரு வாரம் லீவு போட்டுக் குடுத்து வாழ்த்து சொன்னேன், ஃபாரம் மட்டும் கேட்கல. "எம் புள்ள எம் பேரைத்தானம்மா எழுதியிருக்கான்"னு அந்த அம்மா என் டேபிள் முன்னாடி நின்னு கேட்டாங்க, பக்கத்துல மருமக குழந்தையோட நிக்குது. நாமினேஷன் செல்லலன்னா மனைவி, குழந்தை, அவரை நம்பி இருந்த அம்மான்னு சமமா பிரியும்னு ரெண்டு பேருக்கும் புரிய வைக்கறதுக்குள்ள அந்தக் குடும்பமே ரெண்டாகிடுச்சு. அது என் தப்புதான்.

அதோட முடியல. அவரு பேரு ஆதார்ல அப்பா பேரோட முழுசா இருக்கு, பிஎஃப்ல வெறும் இனிஷியல், பேங்க் பாஸ்புக்ல இனிஷியல் பின்னாடி. நம்ம ஊருல எல்லாருக்கும் இருக்கற பிரச்சனை, ஆள் உயிரோட இருந்தா ஜாயின்ட் டிக்ளரேஷன்ல (அவரும் கம்பெனியும் சேர்ந்து குடுக்கற திருத்த ஃபாரம்) கையெழுத்து போட்டு சரி பண்ணிடலாம், போனப்புறம் ஒவ்வொரு சான்றிதழுக்கும் அந்தப் பொண்ணுதான் அலையணும். பிஎஃப் பணம், மனைவிக்கும் குழந்தைக்கும் மாசப் பென்ஷன், 7 லட்சம் வரைக்கும் வர்ற பிஎஃப் இன்சூரன்ஸ், மூணுமே இந்தப் பேரு விஷயத்துல மாசக்கணக்கா நின்னுச்சு.

ஒண்ணே ஒண்ணு கை குடுத்துச்சு. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில நடக்கற விபத்தையும் இஎஸ்ஐல வேலையில நடந்ததா எடுத்துக்கலாம், ஆனா நேரமும் வழியும் ஒத்துப் போகணும். அவரு வேலை முடிச்சு அட்டெண்டன்ஸ் மெஷின்ல பஞ்ச் பண்ணது 11.34, எஃப்ஐஆர்ல 12.05, எப்பவும் அவரு போற ரோடுதான். அந்த பஞ்ச் ரிப்போர்ட்ட வச்சுதான் குடும்பத்துக்கு மாசாமாசம் பணம் வருது. தினமும் சலிச்சுக்கிட்டு டவுன்லோட் பண்ற ரிப்போர்ட் அது.

அதனால எச்ஆர் எடுக்கறதுன்னா எடுங்க, ஆனா காலேஜ்ல சொல்ற எம்ப்ளாயி என்கேஜ்மென்ட்ட விட முதல்ல ஒரு ஜாயினிங் ஃபாரம ஒழுங்கா செக் பண்ணக் கத்துக்கோங்க. இப்பல்லாம் யாரு பத்திரிகை கொண்டு வந்தாலும் தேதிய என் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கறேன், லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்கு மனைவியோட ஆதாரும் போட்டோவும் கொண்டு வரச் சொல்லி என் சிஸ்டத்துலயே உட்கார வச்சு இ-நாமினேஷன் போட்டு முடிச்சப்புறம்தான் ஷாப்புக்கு அனுப்புவேன். இந்த மாசம் மூணு பத்திரிகை வந்திருக்கு, அதுல ஒருத்தருக்கு ஆதார்ல பிறந்த தேதியே தப்பு, அதை முதல்ல சரி பண்ணணும்.