சபா இல்லாத ஊரில் இசை

அன்புள்ள ஐயா,

கண்டியிலிருந்து ஆசிரிய நியமனம் பெற்றுக் கிளிநொச்சிக்கு வந்திருக்கிறேன். சிறுவயதில் பாட்டுப் படித்தவள். இங்கே மண்டபக் கச்சேரி அரிது. இசைக்குழுக்களின் டிக்கெட் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. வன்னியில் நேரில் இசை கேட்க என்ன வழி?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

மண்டபம் தேடுவதை விட்டுவிடுங்கள். வன்னியில் இசை கோயில் வீதியில் இருக்கிறது. அதற்கு டிக்கெட் கிடையாது. கடைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் மகோற்சவ விளம்பரங்களை நின்று படியுங்கள். கொடியேற்றம், தேர், தீர்த்தம் எல்லாம் தாண்டிக் கீழே வந்தால் நாதஸ்வர, தவில் கலைஞர்களின் பெயர்கள் இருக்கும். திருவிழாவின் முடிவில் வரும் பூங்காவன இரவென்றால் தவறவிடாதீர்கள். பெரிய கோயில்களில் அன்று வெளியூரிலிருந்தும் மேளம் அழைப்பார்கள். தவில்கள் ஒன்று விட்டதை இன்னொன்று பிடித்துச் சமா கட்டும். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்துவிட்டார். அவர் கைவழி இன்றும் எங்கள் தவிற்காரர்களிடம் இருக்கிறது.

கூட்டத்தின் பின்னால் நிற்காதீர்கள். தவிற்காரரின் வலப்பக்கமாக நின்றால் கூடு என்ற கடினமான உறை மாட்டிய விரல்கள் தோலில் விழுவதும், இடக்கையில் கழி பதில் சொல்வதும் தெரியும். நாதஸ்வரக்காரர் நூலில் தொங்கும் சீவாளிகளில், அதாவது ஊதும் நாக்குகளில், ஒன்றை எடுத்து, உதட்டில் நனைத்து, பொருத்தி, மெல்ல ஊதிப் பார்ப்பார். சாமி வெளியே வரும்போது மல்லாரி என்ற புறப்பாட்டு இசை வாசிப்பார்கள். அதோடு பாதிச் சனம் கச்சான் கடைக்குப் போய்விடும். நீங்கள் போகாதீர்கள்; ஆற அமர இராகம் வாசிப்பது அதற்குப் பிறகுதான். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு மேளத்தை அமுக்கும் கோயிலுக்கு நான் மறுமுறை போவதில்லை. உயிருள்ள வாசிப்பை அப்படி அவமதிக்கக் கூடாது.

வைகாசியில் நந்திக்கடலோரம் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வரும். அந்தப் பக்கத்தில் முல்லைத்தீவுக்கே உரிய முல்லைமோடிப் பாணியில் கோவலன் கூத்து ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் பாயோடு போய்விடுங்கள். காத்தவராயன் கூத்தும் அப்படித்தான்: ஆர்மோனியம், மிருதங்கம், விடியவிடியச் சிந்துப் பாட்டு. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் குரல் சாமத்துக்குப் பிறகுதான் சூடேறும். கலைஞர்களுக்கு அன்பளிப்புக் கொடுக்கும் நேரத்தில் கையில் இருப்பதைக் கொடுங்கள். ஒத்திகைக்கு வந்துபோன செலவுகூட அவர்களுக்குத் தேறுவதில்லை.

மார்கழியில் திருவெம்பாவைப் பத்து நாளும் விடியற்காலையில் சங்கும், சேமக்கலம் என்ற வெண்கலத் தட்டும் கேட்கும். தவக்காலத்தில் கத்தோலிக்க ஊர்களில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் படிப்பார்கள். நவராத்திரியில் பாடசாலைகளிலேயே பாட்டும் வீணையும் உண்டு. பிரதேச செயலகப் பண்பாட்டு விழாக்களுக்கும் கட்டணமில்லை. அரங்கேற்றங்களின் செய்தி உங்கள் பாடசாலைச் சங்கீத ஆசிரியரிடம் முதலில் வந்துசேரும், அவரிடம் சொல்லிவையுங்கள்.

இரவுத் திருவிழா முடியும் நேரத்தில் பஸ் கிடைக்காது. சக ஆசிரியைகள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரிடம் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள்.