எஞ்சின் வேலை முடிந்த காரை எப்படி ஓட்டுவது?

கேள்வி: பழைய பெட்ரோல் கார். புகை தள்ளியதால் எஞ்சினை இறக்கி, சிலிண்டரைப் போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து), பிஸ்டன், அதைச் சுற்றிய ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. "ஆயிரம் கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டாதீங்க" என்கிறார் மெக்கானிக். "முதல் நாளே நல்லா மிதி, இல்லேன்னா ரிங் செட்டாகாது" என்கிறான் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நண்பர் சொல்வதில் நியாயம் கொஞ்சம் அதிகம். ஆனால் அவர் சொல்கிறபடியே மிதித்துவிடாதீர்கள்.

போர் அடித்த சிலிண்டரின் உட்சுவரைப் பிஸ்டன் இறங்கும் முன் பார்த்தால், குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரியும். ஹோனிங் (சாணைக்கல்லால் தேய்த்தல்) செய்த கோடுகள் அவை. கோட்டின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேடு, ரிங்கோடு உரசி உரசித் தேயும். அப்படித் தேய்ந்து ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைத்தான் செட்டாவது என்கிறோம். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து தள்ளுகிறதே, அந்த அழுத்தம்தான் முக்கியம். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டே ஓட்டினால் அது கிடைக்காது. ரிங் சுவரில் வழுக்கிக்கொண்டு போகும், இடையிலுள்ள ஆயில் கருகிக் கண்ணாடி போலப் படியும். கோடுகள் மூடிப்போனால் அப்புறம் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் ரிங் செட்டாவது கடினம். எஞ்சினைத் திரும்பப் பிரித்து ஹோனிங் செய்யவேண்டி வரலாம். டாப் கியரில் நாற்பதிலேயே மணிக்கணக்காக உருட்டுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

மெக்கானிக்கின் பயமும் வீண் இல்லை. புதுப் பிஸ்டனும் பேரிங்கும் இறுக்கமாக இருக்கும், உராய்வுச் சூடு கூடுதலாகக் கிளம்பும். எஞ்சின் சுற்றைக் காட்டும் RPM மீட்டரின் சிவப்புக் கோடு வரை முறுக்கினாலோ, பாரம் ஏற்றி நீண்ட மேட்டில் இழுக்கவிட்டாலோ பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆக, கவனிக்க வேண்டியது வேகத்தை அல்ல, எஞ்சின் மேல் விழும் சுமையை. எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். போக்குவரத்து இல்லாத சாலையில் மூன்றாவது கியரில் நிதானமான வேகத்திலிருந்து ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்து, சுற்று நடுத்தர அளவுக்கு ஏறும் வரை விடுங்கள். பிறகு காலை முழுதாக எடுத்துவிட்டு, பிரேக் தொடாமல், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கட்டும். காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் உறிஞ்சல் ஆயிலை ரிங் வரை மேலே இழுத்து, சூட்டைத் தணித்துத் துகள்களையும் கழுவிவிடும். பத்துப் பதினைந்து தடவை இப்படிச் செய்துவிட்டு வழக்கம்போல ஓட்டலாம். அப்போதும் வேகத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருங்கள். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நெடுநேரம் போவது, டாப் கியரில் திணறவிடுவது, நிறுத்திய இடத்தில் வெகுநேரம் ஓடவிடுவது மூன்றும் வேண்டாம். வெப்பமானி முள்ளின்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

கேள்வி: நல்ல முழு சிந்தெடிக் ஆயில் ஊற்றச் சொன்னேன். சாதாரண மினரல் ஆயில்தான் ஊற்றியிருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை, உங்கள் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். இந்த ஆயில் எஞ்சினில் அதிக நாள் இருக்கப் போவதில்லை. முதல் சில மணி நேர ஓட்டத்தில்தான் துகள்கள் அதிகமாகக் கழன்று வரும். அதனால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்பவர்கள் பலர். 500 கிலோமீட்டர் வாக்கில் மறுபடி ஒருமுறை. சிந்தெடிக்கை அதற்கெல்லாம் பிறகு ஊற்றிக்கொள்ளலாம். எந்த ஆயிலானாலும் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் கிரேடாக இருக்கவேண்டும், அதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

வடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஆயிலை வெயிலில் பிடித்தால் வெள்ளிப்பொடி தூவியதுபோல மினுமினுக்கும். முதல் தடவை அது சகஜம். நகத்தில் எடுக்கும் அளவுக்குச் சீவல்களோ செம்பு நிறத் துணுக்குகளோ கிடைத்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். வண்டியை அதற்குமேல் நகர்த்தாதீர்கள்.

கேள்வி: "ஆறு மாதம் வாரண்டி" என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது. தகராறு வந்தால் பட்டறை முதலில் சொல்வது "நீங்க ஓட்டின விதம் சரியில்லை" என்பதாகத்தான் இருக்கும். அதனால் எப்படி ஓட்டவேண்டும், எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றவேண்டும் என்பதை அவர்கள் கையாலேயே பில்லில் எழுதி வாங்குங்கள். போட்ட பாகங்களின் தயாரிப்பு, பிஸ்டன் ஓவர்சைஸ் (மூல அளவைவிட எவ்வளவு பெரிது) 0.25 மி.மீ.யா 0.50 மி.மீ.யா, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கிரைண்ட் செய்யப்பட்டதா என்பதும் அதிலேயே இருக்கட்டும். டேப்பட்டை (வால்வு இடைவெளியை)த் திரும்பச் சரிபார்ப்பது, அந்த எஞ்சினுக்குத் தேவையென்றால் ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்குவது ஆகியவை கூலியில் அடக்கமா என்றும் கேட்டுவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

உங்கள் பங்குக்கு ஒரு சின்ன நோட்டில் ஓடிய கிலோமீட்டர், டிப் ஸ்டிக்கில் ஆயில் நின்ற அளவு, ஊற்றிய அளவு மூன்றையும் எழுதி வாருங்கள். பொருத்தும்போது தடவிய ஆயில் எரிவதால் முதலில் கொஞ்சம் நீலப் புகை வரும், அதற்குப் பதற வேண்டாம். 1500 கிலோமீட்டர் தாண்டியும் ஆயில் இறங்கிக்கொண்டே இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக வரும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அப்போது அளவு நன்றாக ஏறினால் பெரும்பாலும் ரிங் கோளாறு, ஏறாவிட்டால் வால்வைப் பார்க்கவேண்டும். இந்த அளவுகளோடும் நோட்டோடும் வாரண்டி முடிவதற்குள் பட்டறைக்குப் போங்கள்.